அடப்பத்துக் கத்திகள்

மலையக வரலாற்றை எழுத வந்தவர்கள் கருவிகளைப் பற்றி எழுதத் தவறியதில்லை. காடு வெட்டிய கோடரி, குழி தோண்டிய அலவாங்கு, புல்லைச் செதுக்கிய சுரண்டி, தேயிலையைக் குட்டையாக்கிய கவ்வாத்துக் கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் எங்காவது ஒரு வரி கிடைத்திருக்கிறது. இவற்றோடு இதே மலைகளுக்கு வந்து, இதே லயங்களில் நூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இன்னொரு கத்தி உண்டு. அது எவருடைய பட்டியலிலும் இடம்பெறவில்லை. சவரக் கத்தியைத்தான் சொல்கிறேன்.

நேயர்களில் சிலர் சிரிக்கக்கூடும். பழைய நாணயம் சேர்ப்பார்கள், முத்திரை சேர்ப்பார்கள், பழைய சவரக் கத்தியை யாராவது சேர்ப்பார்களா என்று கேட்கக்கூடும். சேர்க்கிறார்கள். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் அதற்கென்றே ஏலங்கள் நடக்கின்றன. தடித்த நூல்கள் இருக்கின்றன. இங்கே ஹட்டன் பக்கத்தில் அந்தப் பைத்தியம் எனக்கு மட்டுமே பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலைப் பழைய சாமான் கடைகளில் துருவித் துருவி வாங்கியவையும், தெரிந்தவர்கள் தந்தவையுமாக 31 கத்திகள் என்னிடம் இருக்கின்றன. இவற்றில் விலை போகக் கூடியவை நான்கோ ஐந்தோதான். மற்றவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் கையில் கிடைத்தால் குப்பைக் கூடைக்குப் போகும். அந்தக் குப்பையைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் விலை போகும் கத்தி எது, ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

மடக்குச் சவரக் கத்திக்கு இரண்டே உறுப்புகள். ஒன்று அலகு, மற்றது அலகை உள்ளே வாங்கிக்கொள்ளும் பிடி. அலகும் வாலும் சேரும் இடத்திலுள்ள கழுத்துப் பகுதியில்தான் செய்தவரின் முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். பழங்கத்தி பார்ப்பவர் முதலில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது அந்தக் கழுத்தை. விக்டோரியா மகாராணியின் பெயரெழுத்துகளான வீ, ஆர் இரண்டும் நடுவில் கிரீடமும் இருந்தால் அது 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது. ‘அரசியாருக்குக் கத்தி செய்பவர்கள்’ என்று இருந்தாலும் அதே காலம்தான். ‘அரசருக்கு’ என்றிருந்தால் அதற்கு முன்போ பின்போ. இங்கிலாந்து என்ற சொல் இருந்தால் 1890க்குப் பிந்தியது, இல்லையென்றால் முந்தியது என்று ஒரு கணக்கை நூல்கள் சொல்லும். அந்த ஆண்டில் அமெரிக்கா கொண்டுவந்த சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயரைக் கேட்டது என்பது அதற்குக் காரணம். அமெரிக்காவுக்குப் போன கத்திக்கு அந்தக் கணக்கு பொருந்தும். கொழும்புக்கு வந்த கத்திக்கு அமெரிக்கச் சட்டம் என்ன செய்யும்? ஆகவே நம் நாட்டில் கிடைக்கும் கத்தியில் இங்கிலாந்து என்ற சொல் இல்லாததை மட்டும் வைத்து அதன் வயதைக் கூட்டிவிட முடியாது.

அடுத்தது அலகின் வயிறு. பழைய அலகு ஆப்பு மாதிரி இருக்கும். முதுகில் தடித்து, வாயில் மெலிந்து, இடையில் நேர்ச்சரிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் இரு பக்கமும் குழிவாகச் சாணை பிடித்துக் காகிதம் போல மெல்லிய அலகுகளைச் செய்து பேர் வாங்கினார்கள். நகத்தால் மெல்லத் தட்டினால் அந்த அலகு பாடும். ஆப்பு அலகு பாடாது. ஒரு சின்ன உறுமலோடு நின்றுவிடும். இதற்கு மேல் வாயில் பொள்ளல் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா, பிடி ஆதிப் பிடிதானா, ஆணிகள் மாற்றப்பட்டனவா என்று பார்த்து விலை சொல்வார்கள். ‘வெள்ளி உருக்கு’ என்று அலகில் பொறித்திருந்தால் மயங்கிவிடக் கூடாது. அந்தப் பெயரில் வந்த பெரும்பாலானவற்றில் வெள்ளி மருந்துக்கும் இல்லை. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மலைநாட்டில் அதிகம் கிடைப்பது ஷெபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் கம்பெனியின் கத்தி. நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் அதன் முத்திரை. 1764ஆம் ஆண்டிலிருந்து அந்த முத்திரை அக்குடும்பத்துக்கு உரியது. ஷெபீல்ட் கத்திகளைப் பற்றி எழுதுவோர் நம் நாட்டைத் தொட்டு ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். இலங்கையில் ரொட்ஜர்ஸ் என்பது ஒரு பெயரடையாகவே ஆகிவிட்டதாம். குறையில்லாத, மிக உயர்ந்த எதையும் இந்நாட்டு மக்கள் ரொட்ஜர்ஸ் என்றுதான் சொல்வார்களாம். எனக்குத் தெரிந்த சிங்களப் பெரியவர்கள் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் அந்த வழக்குத் தெரியவில்லை. தோட்டத்துப் பெரியவர்களிடமும் கேட்டேன். ‘ராசாஸ் கத்தி’ என்று ஒரு கிழவர் சொன்னார். அது கத்தியின் பெயர், உயர்வுக்கு அடைமொழி அன்று. கம்பெனி தன் புகழைப் பரப்பச் சொன்ன கதை என்பதே என் எண்ணம். எனினும் பொய்யிலும் ஒரு மெய் இருக்கிறது. கதை சொல்ல ஷெபீல்ட்காரர்கள் இலங்கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், இலங்கையில் அவர்கள் கத்தி அவ்வளவு விற்றது என்று பொருள்.

ஷெபீல்ட் உருக்கை இவ்வளவு தூரம் கப்பலில் கொண்டுவந்து இந்த மலையில் விற்றது ஒரு வேடிக்கை. ஏனென்றால் அதற்கு எண்ணூறு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலையின் தெற்குச் சரிவில் உருக்குக்கு வேண்டிய இரும்பு வடித்துக்கொண்டிருந்தார்கள். பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில் ஜில் ஜுலெப் என்ற பிரித்தானிய ஆய்வாளர் அந்தப் பிரதேசத்தில் இரும்பு உருக்கிய உலைகள் இருந்த 77 இடங்களைக் கண்டறிந்தார். எல்லாம் மேற்குப் பார்த்த சரிவுகளில், தென்மேல் பருவக்காற்று அறையும் முகட்டோரங்களில். துருத்தி இல்லை, காற்றே துருத்தி. இப்படி உலையெரித்து நல்ல இரும்பு எடுக்க முடியுமா என்று பலர் ஐயுற்றார்கள். அவர் 1994இல் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் எரித்து, கரிச்சத்து மிகுந்த உருக்கை எடுத்துக் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. அகழ்ந்த உலைகள் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரையிலானவை. அதற்கு நெடுங்காலம் முன்னரே, நம்மவரான ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவீட்டுத் திணைக்களப் பணிப்பாளராக மலையெங்கும் நடந்தபோது, பலாங்கொடைப் பக்கத்தில் மூசையில் உருக்குக் காய்ச்சும் கைத்தொழில் அணையும் தறுவாயில் இருந்ததைப் பார்த்து எழுதி வைத்தார். 1908இல் வந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அந்தக் குறிப்பு இருக்கிறது. அவர் அதை எழுதிய நாட்களில் சில காத தூரத்திலுள்ள ஹட்டன் கடைகளில் ஷெபீல்ட் கத்தி விற்றுக்கொண்டிருந்திருக்கும்.

தென்னிந்தியாவின் கதையும் இதுதான். உருக்கு என்று நாமும், உக்கு என்று கன்னடரும் தெலுங்கரும் சொல்வதை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று திரித்துக்கொண்டார்கள். 1794இல் பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்கொட் என்ற வைத்தியர் அதன் கட்டிகளை இலண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் ஸ்டொடார்ட் என்ற கத்திக் கடைக்காரர் அதில் சவரக் கத்தி செய்து பார்த்துச் சொக்கிப்போனார். ஐரோப்பாவின் மிகச் சிறந்த உருக்கைவிட இந்த இந்திய உருக்கையே தாம் விரும்புவதாகத் தம் கடை அட்டையிலேயே அச்சிட்டுக்கொண்டார். பின்பு மின்சாரத்தால் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் பரடேயோடு சேர்ந்து, 1818 தொடங்கி அதன் இரகசியத்தைத் தேடினார். இரகசியம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. தேடும்போது உருக்கோடு பல உலோகங்களையும் கலந்து பார்த்தார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்தால் நல்ல உருக்கு வருகிறது என்று எழுதினார்கள். முன்பு சொன்ன ‘வெள்ளி உருக்கு’ என்ற முத்திரையின் பிறப்பு அதுதான். பரடே தாம் ஆக்கிய உருக்கில் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார். நம் பக்கத்து உருக்கைப் பார்த்து வியந்து தொடங்கிய ஓர் ஆராய்ச்சியின் பெயரைப் பொறித்துக்கொண்டு, வெள்ளியும் இல்லாமல், கத்திகள் நமக்கே விலைக்கு வந்தன.

வந்தவை முதலில் போய்ச் சேர்ந்தது பங்களாவுக்கு. கோப்பிக் காலத்தில் கண்டியிலிருந்து றம்பொடை வழியாக மாட்டு வண்டி ஏற வேண்டியிருந்தது. 1869இல் கண்ட இலைநோய் கோப்பியைத் தின்று தீர்த்தது, தேயிலை வந்தது, தேயிலையைத் தொடர்ந்து ரயில் வந்தது. 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்த பிறகு துரைமாரின் சாமான்கள் கொழும்பிலிருந்து ஒரே நாளில் மலையேறின. என்னிடமுள்ள விக்டோரியா காலத்துக் கத்திகள் பல அந்த ரயிலில் வந்தவையாகவே இருக்க வேண்டும். துரைமார் சிலரிடம் ஏழு கத்திகள் கொண்ட பெட்டி இருக்கும். வாரத்தின் ஏழு நாட்களின் பெயரும் அலகுகளின் முதுகில் பொறித்திருக்கும். ஒரு நாள் தீட்டிய அலகு ஆறு நாள் ஓய்வெடுத்தால் வாய் நன்றாகத் தேறும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். அப்படிப்பட்ட ஒரு பெட்டியிலிருந்து தப்பிய ‘வியாழன்’ ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்ற ஆறு நாட்களும் எங்கே போயினவோ!

பிடி வகையில் தந்தத்துக்குத்தான் முதல் மதிப்பு. உண்மைத் தந்தமா எலும்பா என்பதை அதன் குறுக்குவெட்டில் தெரியும் பின்னல் கோடுகளைக் கொண்டு சொல்லிவிடலாம். ரொட்ஜர்ஸ் கம்பெனியின் கிடங்கில் யானைத் தந்தங்கள் விறகு மாதிரி அடுக்கியிருக்கும் பழைய புகைப்படத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறும். அவை பெரும்பாலும் ஆபிரிக்க யானையுடையவை. நம் யானைகளில் ஆணுக்கும் தந்தம் அரிது. அது ஒன்றும் நம் யானைகளைக் காப்பாற்றவில்லை என்பது வேறு கதை. நுவரெலியாவில் புதைக்கப்பட்டிருக்கும் மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பார்கள். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். பெயர் ஒலிக்கிறதே என்று அவரைக் கத்திக் கம்பெனியோடு முடிச்சுப் போடும் ஒருவரையும் சந்தித்திருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

துரைமாரின் முகத்திலிருந்து இந்தக் கத்தியை இறக்கியவர் கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர். மெல்லிய தகட்டு அலகை மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சவரக் கருவியை 1903இல் விற்கத் தொடங்கி, 1904இல் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் கையில் முப்பத்தைந்து இலட்சம் கருவிகள் சேர்ந்தன. போர் முடிந்தபின் உலகம் முழுவதும் ஆண்கள் தாமே தம் முகத்தை மழித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். பங்களாவுக்கும் புதுக் கருவி வந்தது. பழைய கத்தியை என்ன செய்வது? சில மேசை இழுப்பறையில் கிடந்து துருவேறின. சில அப்புவின் கைக்குப் போயின. சில, தோட்டத்து நாவிதரின் கைக்குப் போயின. அங்கேதான் என் கதை தொடங்குகிறது.

தோட்டத்து நாவிதரை இன்றைய தலைமுறைக்குத் தெரியாது. தமிழகத்துக் கிராமத்திலிருந்து கங்காணிமாரோடு புறப்பட்ட கூட்டம், கிராமத்தின் சாதி அடுக்கையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தது. அதில் வண்ணாரும் நாவிதரும் இருந்தார்கள். கிராமத்தில் நெல் அளந்தார்கள். இங்கே நெல் இல்லை. ஆகவே செக்ரோலில் கோயிற்காசு பிடிப்பது போல இவர்களுக்கான காசும் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஒரு குடியானவன் வீட்டுக்கும் இன்னொரு குடியானவன் வீட்டுக்கும் உள்ள உறவு போல் அன்றி, தோட்டக் கணக்கில் ஏறிய ஓர் உறவாக அது மாறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் லயத்துக் கோடியில் ஒரு கல். கல்லின் மேல் ஆள். எதிரே குந்தியிருக்கும் நாவிதர். பித்தளைக் கிண்ணியில் தண்ணீர், ஒரு துண்டு படிகாரம், கையகலக் கண்ணாடி. எல்லாம் தோல் பையொன்றில் இருக்கும். அந்தப் பைக்கு அடப்பம் என்று பெயர். முன்பின் தெரியாதவர்கள் அதைச் சவரப் பெட்டி என்பார்கள். அடப்பம் என்ற சொல்லை அறிந்தவர்கள் இப்போது எத்தனை பேர்!

முகம் மழிப்பது மட்டும் அவர் வேலையன்று. குழந்தைக்கு முடியிறக்குவது அவர்; மணமகனுக்குச் சவரம் செய்து அவனை மணவறைக்கு ஆக்குவது அவர்; சாவு விழுந்தால் கேதம் சொல்லப் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஓடுவதும், மயானத்தில் முன்னே நிற்பதும், கருமாதியில் பிள்ளைகளின் தலை வாங்குவதும் அவர். கட்டியைக் கீறிச் சீழெடுத்த கையும் அதுவே. பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே தோட்டத்தில் எந்த ஆணும் அந்தக் கத்திக்கு அடியில் கழுத்தை நீட்டாமல் போனதில்லை. பெரிய கங்காணி கூடத்தான். அப்படிக் கழுத்தை நீட்டியவர்களே அவரைத் திண்ணையில் ஏற விடாமல் வைத்திருந்தார்கள். வள்ளுவரும் கூடாவொழுக்கத்தில் மழிப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்; மழித்துவிட்டவன் யார் என்று இலக்கியம் கேட்டதே இல்லை. நம் மலையக இலக்கியத்திலும், நான் வாசித்தவரையில், கங்காணி நடுவில் நிற்கிறார், கணக்கப்பிள்ளை நிற்கிறார், துரை குதிரையில் வருகிறார். நாவிதர் சாவு வீட்டுக் கூட்டத்தில் ஓரமாகத் தென்பட்டு மறைந்துவிடுகிறார்.

இனி அந்தக் குப்பைக் கத்திகளுக்கு வருகிறேன். என்னிடமுள்ள 31இல் 11 கத்திகள் நாவிதர்களின் அடப்பத்தில் இருந்தவை. விலை நூலை வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் குறைதான். ஒன்றை மட்டும் விவரிக்கிறேன். ரொட்ஜர்ஸ் கத்தி, ‘அரசியாருக்கு’ என்ற வரி பாதி அழிந்திருக்கிறது. இந்த வடிவத்து அலகு புதிதில் அங்குலத்தின் எட்டில் ஆறு பங்கு அகலம் இருக்கும். இப்போது எட்டில் மூன்றுதான். பாதி அலகு கல்லில் கரைந்து போயிருக்கிறது. சவரக் கத்தியைத் தீட்டும்போது வாயோடு முதுகும் கல்லில் படியும். ஆகவே முதுகிலும் தேய்மானம் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டை இதில் வைக்கோல் அகலம் இருக்கிறது. குதிப் பக்கம் குறைவாகவும் மூக்குப் பக்கம் அதிகமாகவும் தேய்ந்திருப்பதால் தீட்டியவரின் கை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதும் தெரிகிறது. பிடி தந்தமன்று, கொய்யாக் கட்டை. ஆணி, தட்டி மழுக்கிய செப்புக் கம்பி. ஆதிப் பிடி எப்போது உடைந்தது, அது தந்தமா கொம்பா என்று யாருக்கும் தெரியாது. ‘பிடி மாற்றப்பட்டது, அலகு தேய்ந்தது, சேகரிப்புக்கு உதவாது’ என்று ஏலக்காரர் எழுதுவார்.

எனக்கோ பெட்டியை விட்டு வெளியே வராமல் பளபளக்கும் ‘வியாழன்’ சொல்வதைவிட இது அதிகம் சொல்கிறது. துரையின் முகம் ஒன்றை மட்டும் அறிந்த கத்தி தேய்வதற்கு வழியில்லை. பாட்டனும் மகனுமாக இரண்டு தலைமுறை, ஒரு தோட்டத்து ஆண்கள் அத்தனை பேரின் கன்னத்திலும் ஓட்டிய கத்தி இப்படித்தான் இருக்கும். தேய்மானம் என்பது இங்கே வேலை நாள் கணக்கு. செக்ரோல் புத்தகங்கள் கரையான் அரித்துப் போன தோட்டங்களில் இந்த முதுகுப் பட்டைதான் மிச்சமிருக்கும் செக்ரோல். ஷெபீல்ட் அலகு, கொய்யாப் பிடி, ஆற்றுக் கல் தீட்டல் எல்லாம் சேர்ந்ததே இந்த மலைநாட்டுக் கத்தி. விலை சொல்பவர் தேய்மானத்தைக் கழிப்பார். வரலாறு பார்ப்பவர் அதைக் கூட்ட வேண்டும் என்பது என் கட்சி.

இவை ஏன் இவ்வளவு அரிதாயின என்பதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோவும் சாஸ்திரியும் ஒப்பமிட்ட பிறகு ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு என்று கணக்காயிற்று. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் கட்டிலையும் அம்மியையும் விற்றுவிட்டுப் போனார்கள். நாவிதர் தம் அடப்பத்தை விற்றிருக்க மாட்டார். போகிற இடத்தில் கஞ்சிக்கு அதுதானே வழி! கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்னும் சில ஷெபீல்ட் கத்திகள் கூரைச் செருகலில் கிடக்கலாம். அடுத்தது 1983 ஜூலை. நுவரெலியாக் கடைத்தெரு எரிந்ததில் எரிந்துபோன சிறு பொருள்களுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. மூன்றாவது காரணம் துருவும் தீயும் அன்று. மனிதர் தாமே விட்டொழித்தது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளுக்குப் பின்னே, ஒருவர் இரத்தம் இன்னொருவருக்குப் படக் கூடாது என்ற எச்சரிக்கை பரவியபோது, நகரத்துச் சலூன்கள் தகட்டு அலகைப் பாதியாக ஒடித்து மாட்டும் பிடிக்கு மாறின. தோட்டத்தில் கல்லின் மேல் உட்கார வைத்துச் செய்யும் சவரம் ஏற்கெனவே மறைந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஹட்டனிலோ கொழும்பிலோ சலூன் வைத்தார்கள், அல்லது படித்து வேறு வேலைக்குப் போனார்கள். அப்பாவின் அடப்பம் லயத்துப் பரணில் கிடந்தது. நான் அதைத் தேடிப் போவேன். பல வீடுகளில் தேநீர் தந்து, சிரித்துப் பேசி, ‘அதெல்லாம் எப்பவோ ஆத்தோட விட்டாச்சுங்க சேர்’ என்று முடித்துவிடுவார்கள். ஒரு வீட்டில் மகன், என்னைவிட இளையவர், கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: ‘அத வச்சு என்ன செய்யப் போறீங்க? கண்ணாடிப் பெட்டியில வச்சு, இது இன்ன ஆள் வீட்டுக் கத்தின்னு எழுதுவீங்க. அந்தப் பேரச் சொல்லி எங்கள யாரும் கூப்புடக் கூடாதுன்னுதானே எங்கப்பா எங்களப் படிக்க வச்சாரு?’

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. பறிமுதல் செய்யப்பட்ட பொருளைத் திரும்பக் கேட்பது ஒரு நியாயம். தாமாகவே தூக்கி எறிந்த பொருளை, அது வரலாறு என்று சொல்லி மறுபடி ஒருவர் கையில் திணிக்க எனக்கு உரிமை உண்டா? கவ்வாத்துக் கத்தியைப் பெருமையோடு சுவரில் மாட்டலாம்; எல்லோரும் பிடித்த கத்தி அது. அடப்பத்துக் கத்தி ஒரு சாதியின் கையில் மட்டும் கட்டி வைத்த கத்தி. அதைப் பழம்பொருளாக ரசிப்பவன் அந்தக் கட்டையும் சேர்த்து ரசிக்கிறானோ என்று அந்த மகன் சந்தேகப்பட்டதில் தவறில்லை. வெளிநாட்டு ஏல நூல்களில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமும் கிடையாது. அவர்களுக்குத் தந்தப் பிடியை விற்கலாமா என்பதுதான் சிக்கல். 1989இல் யானைத் தந்த வாணிபத்தைச் சர்வதேச அளவில் தடுக்க முடிவெடுத்த பிறகு அதைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். யானைக்காகக் கேட்கப்பட்ட கேள்வி மனிதனுக்காகவும் கேட்கப்படலாம்.

நான் விவரித்த அந்தக் கொய்யாப் பிடிக் கத்தியைத் தந்தவர் ஓர் ஆசிரியை. தாத்தாவும் அவருடைய தகப்பனாரும் பாவித்தது. மூன்று நிபந்தனைகளோடு தந்தார். குடும்பப் பெயர் வேண்டாம், தோட்டத்தின் பெயர் வேண்டாம், விற்கக் கூடாது. நான் எழுதி வைத்திருந்த துண்டைக் காட்டினேன். அதில் ‘தோட்டத்துக் குடிமகன் பாவித்த கத்தி’ என்று இருந்தது. பேனாவை வாங்கி ‘குடிமகன்’ என்பதை அடித்துவிட்டுத் ‘தொழிலாளி’ என்று எழுதினார். அந்தத் துண்டு அப்படியே கத்தியோடு இருக்கிறது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ இப்படியொன்று கிடைத்தால், பளபளப்பாக்கும் ஆசையில் மணற்காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரையும் போகும், முதுகுப் பட்டையும் போகும். பழைய செலுலாயிட் பிடியுள்ள கத்தியை மற்றவற்றோடு மூடிய பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பிடி சிதையும்போது கசியும் ஆவி பக்கத்து அலகையும் தின்றுவிடும். மென்துணியால் துடைத்து எண்ணெய் பூசுங்கள். தேங்காயெண்ணெய் நுவரெலியாக் குளிரில் உறைந்து கட்டியாகும். மெல்லிய இயந்திர எண்ணெய் போதும். ஜப்பானியர் தேயிலைக்குத் தங்கையான கமேலியா மரத்தின் விதையெண்ணெயைத் தம் கத்திகளுக்குப் பூசுகிறார்கள்; இத்தனை தேயிலை வளர்த்த நமக்கு அது தோன்றவில்லை. பிறகு ஒரு சிறு காகிதத்தில், யார் கையில் இருந்தது, ஏறத்தாழ எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, யாருக்கெல்லாம் சவரம் செய்தது என்று தெரிந்ததை எழுதிச் சுற்றி வையுங்கள். பெயர் எழுத விருப்பமில்லையென்றால் ஆண்டை மட்டும் எழுதுங்கள்.